முனையிலிருந்து ஐந்தாவது

டுவேன் ஹோலெசெக் 1954ஆம் ஆண்டு மார்ச் ஒன்பதாம் தேதி, நெப்ராஸ்காவின் மேற்கு ஓரத்தில் மார்லோ என்னும் ஊரில் பிறந்தார். பத்தொன்பது வயதில் ஊர்க் கூட்டுறவுத் தானியக் கிடங்கின் எடைமேடையில் வேலைக்குச் சேர்ந்தார். நாற்பத்து நான்கு ஆண்டுகள் அதே கண்ணாடி அறையில், அதே ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, கோதுமையும் சோளமும் ஏற்றிவரும் லாரிகளை நிறுத்தி எடை சொன்னார். அவர் சொன்ன எடையை யாரும் மறுத்துப் பேசியதாகத் தகவல் இல்லை. திருமணம் செய்துகொள்ளவில்லை. ஒருமுறை பேச்சு நிச்சயம்வரை போய் நின்றது. ஏன் நின்றது என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. அவருக்கிருந்த குடும்பம், இரண்டு வயது மூத்த அக்காள் லோர்னாவும், லோர்னாவின் கணவர் மெர்ல் வெக்னரும்தான். மெர்ல் வயல்களுக்குப் பாசன எந்திரம் பழுது பார்ப்பவர். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்ததும் அவர்கள் வீட்டில் மதியச் சாப்பாடு. டுவேனுக்கென்று ஜன்னலோரத்தில் ஒரு நாற்காலி.

அறுவடை இல்லாத ஏப்ரல், மே மாதங்களில் எடைமேடைக்கு வேறு விதமான வண்டிகள் வரும். ஏரிக்கும் மலைக்கும் விடுமுறைக்குக் கிளம்பும் ஊர்க்காரர்கள், பிக்கப் வண்டியின் பின்னால் வீட்டு டிரெய்லரைப் பூட்டிக்கொண்டு வந்து வரிசையில் நிற்பார்கள். டிரெய்லரின் மூக்கு பிக்கப்பின் வாலிலுள்ள ஓர் இரும்புக் குண்டின்மேல் உட்காரும். வால் தாழ்ந்தால் முன்பக்கம் தூக்கும். தூக்கிய முன்சக்கரங்கள் சாலையைச் சரியாகப் பிடிக்காது. ஸ்டியரிங் பஞ்சு போல் ஆகிவிடும். பக்கவாட்டில் ஒரு காற்று அடித்தால் போதும், பின்னால் வரும் டிரெய்லர் நாய் வாலைப் போல ஆடத் தொடங்கும். இதற்காகத்தான் எடை பகிரும் கொக்கி. இணைப்புக் குண்டின் அடியிலிருந்து இரண்டு எஃகுத் தண்டுகள் டிரெய்லரின் இருபுறமும் பின்னோக்கி நீளும். ஒவ்வொரு தண்டின் முனையிலும் ஒரு சங்கிலி தொங்கும். அந்தச் சங்கிலியை மேலே இழுத்து, அதன் சரியான வளையத்தை டிரெய்லர் சட்டத்திலுள்ள கொண்டியில் மாட்டினால் தண்டு வில்லாக வளையும். வாலில் குவிந்த பாரத்தில் ஒரு பங்கை முன்சக்கரங்களுக்கும் மறு பங்கை டிரெய்லரின் சக்கரங்களுக்கும் தள்ளிவிடும். எந்த வளையம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

டுவேன் அதை அளவுநாடாவை வைத்துக் கண்டுபிடிப்பார். டிரெய்லர் பூட்டாதபோது பிக்கப்பின் முன்சக்கர வளைவு தரையிலிருந்து எவ்வளவு உயரம். பூட்டிய பிறகு எவ்வளவு தூக்கியிருக்கிறது. சங்கிலியை மாட்டிய பிறகு பழைய உயரத்துக்கு எவ்வளவு அருகில் இறங்கியிருக்கிறது. சரியாக வரும்வரை ஒவ்வொரு வளையமாக மாற்றிப் பார்ப்பார். பிறகு மேடையில் ஏற்றி, முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் என்று தனித்தனியாக எடைபோட்டு உறுதி செய்துகொள்வார். அந்த எண்ணை ஓர் அட்டையில் எழுதி டிரெய்லர் கதவின் உட்புறம் ஒட்டுவார். மாட்ட வேண்டிய வளையத்தில் சிவப்பு நகப்பாலிஷ் ஒரு பொட்டு. மருந்துக்கடையில் அந்தக் குப்பியை எடுத்துவைக்கும்போதெல்லாம் கல்லாவில் இருக்கும் பெண் கேட்பாள்:

"என்ன டுவேன், மறுபடியும் சிவப்பா? யாரு அந்த அதிர்ஷ்டசாலி?"

"மூவாயிரம் கிலோ இருப்பா. உனக்குத் தெரிஞ்சவதான்."

2011 வசந்தத்தில் மெர்லும் ஒரு பழைய டிரெய்லர் வாங்கினார். டுவேன் ஒரு சனிக்கிழமை முழுவதும் அதன் அடியில் கிடந்து கொக்கியைப் பொருத்தினார். சங்கிலியில் பதினொரு வளையங்கள். தண்டின் முனையிலிருந்து ஐந்தாவது வளையத்தில் மாட்டியபோது எல்லாம் சரியாக வந்தது. குப்பியைத் திறந்ததும் மெர்ல் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யோவ் எடைக்காரரே, அதெல்லாம் வேற யாருக்காவது பூசு. நகப்பாலிஷ் போட்ட வண்டியை இழுத்துக்கிட்டு நான் ஏரிக்கரையில போய் நின்னா, பசங்க என்னைத் தண்ணியில தள்ளிருவானுங்க."

"மறந்துட்டா?"

"அஞ்சு. ஒரு கையில எத்தனை விரலோ அத்தனை. இதை மறப்பனா?"

டுவேன் சிரித்துக்கொண்டே குப்பியை மூடிவிட்டார். அட்டையில் 5 என்று மட்டும் எழுதினார். ஊரில் மற்ற எல்லோருக்கும் செய்ததைத் தம் அக்காள் வண்டிக்குச் செய்யாமல் விட்டது அந்த ஒருமுறைதான்.

ஜூலை பதினான்காம் தேதி, வியாழக்கிழமை. கோதுமை அறுவடை உச்சத்தில் இருந்தது. மேடைக்கு வெளியே லாரிகள் சாலைவரை நீண்டு நின்றன. காலை பத்தே கால் மணி அளவில் அறையின் தொலைபேசி அடித்தது. லோர்னா, வயோமிங்கில் ஓர் ஏரிக்கரையிலிருந்து பேசினார். முந்தின நாள் படகிலிருந்து இறங்கும்போது மெர்ல் வழுக்கி விழுந்து தோள்பட்டை பிசகிவிட்டது; கையைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள்; வலி மாத்திரையால் தலை நிற்கவில்லை; வண்டியை லோர்னாதான் ஓட்டி வரவேண்டும். டிரெய்லரைப் பூட்டுவதும் அவரே, முதல் முறையாக. தம்பியை அவர் டூயி என்றுதான் கூப்பிடுவார்.

"டூயி, குண்டுல ஏத்திட்டேன். பூட்டும் போட்டாச்சு. இந்தச் சங்கிலிதான். அட்டையில அஞ்சுன்னு இருக்கு. எங்க இருந்து எண்ணணும்?"

வெளியே ஒருவன் ஹார்னை அழுத்திப் பிடித்திருந்தான்.

"முனையில இருந்து. வேற எங்க இருந்து எண்ணுவாங்க?"

"சரி, முனையில இருந்து அஞ்சு. ரெண்டு பக்கமுமா?"

"ரெண்டு பக்கமும். லோர்னா, இங்க இருபது லாரி நிக்குது. வைக்கிறேன்."

நாற்பது வினாடிகூட ஆகியிருக்காது. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளாகக் கொக்கியோடு பழகிய ஒருவருக்கு முனை என்றால் தண்டின் முனை. சங்கிலி தொடங்கும் இடம். கையில் ஒரு சங்கிலியைப் பிடித்துக்கொண்டு முதல்முறையாக நிற்கும் ஒருவருக்கு முனை என்றால் அந்தச் சங்கிலியின் தொங்கும் நுனி. லோர்னா நுனியிலிருந்து ஐந்தை எண்ணினார். சரியாக எண்ணினார். பதினொரு வளையத்தில் அது தண்டின் பக்கமிருந்து ஏழாவது. இரண்டு வளையம் தளர்ந்த சங்கிலியில் தண்டுகள் வளையவே இல்லை. அவை இருந்தும் இல்லாதவைதான்.

பிற்பகல் ஒன்றரை மணி அளவில், மாநில எல்லைக்கு இப்பால் திறந்த வெளியில், பக்கக்காற்றில் ஒரு பெரிய லாரி அவர்களைக் கடந்து போனது. டிரெய்லர் ஆடத் தொடங்கியது. அந்த நேரத்தில் காலைப் பிரேக்கில் வைக்காமல், ஸ்டியரிங் அருகிலிருக்கும் பொத்தானால் டிரெய்லரின் பிரேக்கை மட்டும் கையால் அழுத்த வேண்டும் என்பது டுவேன் எல்லோரிடமும் சொல்லும் பாடம். மெர்லிடம் சொல்லியிருந்தார், லோர்னாவிடம் சொல்லத் தோன்றியதில்லை. லோர்னா காலைத்தான் அழுத்தினார். டிரெய்லர் பிக்கப்பைப் பள்ளத்துக்குள் தூக்கி எறிந்தது. லோர்னாவுக்கு இரண்டு விலா எலும்புகள் முறிந்தன. மெர்லுக்கு வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள், வண்டிக்குள் மிஞ்சிய துணிமணிகளை எடுத்துவர விபத்து நடந்த இடத்துக்கு அருகே, உடைந்த வண்டிகளை இழுத்துவந்து போடும் கொட்டகைக்கு டுவேன் போனார். டிரெய்லர் பக்கவாட்டில் பிளந்து கிடந்தது. ஆனால் இடப்பக்கச் சங்கிலி மாட்டியது மாட்டியபடியே இருந்தது. அவர் குனிந்து எண்ணினார். ஏழு. மறுபடி எண்ணினார். பிறகு, ஏன் என்று தெரியாமலே, நுனியிலிருந்து எண்ணினார். ஐந்து. வெயிலில் காய்ந்த புல்லின்மேல் முழங்காலூன்றி அப்படியே இருந்தார். தொலைபேசியில் தாம் சொன்னது ஒவ்வொரு சொல்லாக, தம் குரலிலேயே காதில் விழுந்தது. 'வேற எங்க இருந்து எண்ணுவாங்க?' கொட்டகைக்காரர் வந்து, "சார், தண்ணி ஏதாவது வேணுமா?" என்று கேட்டார்.

அன்று மாலை மருத்துவமனைத் தாழ்வாரத்தில் லோர்னா, விலாவைக் கையால் அணைத்தபடி அவர் அருகில் வந்து உட்கார்ந்தார்.

"வண்டியைப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"உண்மையைச் சொல்லு டூயி. நான் சரியா மாட்டினேனா?"

சொல்லியிருக்கலாம். அந்த இடம், அந்த நேரம், அந்தக் கேள்வி எல்லாம் அதற்காகவே வந்து நின்றன. டுவேன் தம் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏழாவதுல மாட்டியிருந்துச்சு. ரெண்டு வளையம் தள்ளிப் போச்சு. யாருக்கும் வர்றதுதான்."

"நான் அஞ்சுதானே எண்ணினேன்?" லோர்னா தம் விரல்களையே பார்த்தார். "அஞ்சுதான் எண்ணினேன்."

டுவேன் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். லோர்னா, "அப்ப தப்பா எண்ணியிருக்கேன்" என்றார்.

டுவேன் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவர் சொன்ன எடையைப் போலவே அந்த எண்ணும் துல்லியமானது. பிந்திய ஆண்டுகளில் தமக்குத் தாமே அவர் அதிகம் சொல்லிக்கொண்டது இதைத்தான். ஒருமுறையாவது அது உதவியதாகத் தெரியவில்லை.

லோர்னா இருபத்து மூன்று ஆண்டுகளாக மார்லோ உயர்நிலைப் பள்ளியின் கூடைப்பந்து ஆட்டங்களில் புள்ளி எழுதும் மேசையில் உட்கார்ந்தவர். எதிரணிப் பயிற்சியாளர்கள்கூடத் தகராறு வந்தால் அவர் புத்தகத்தைத்தான் கேட்பார்கள். அந்தக் குளிர்காலம் அவர் போகவில்லை. "விலா இன்னும் வலிக்குது" என்றார். அடுத்த குளிர்காலத்தில் காரணம் கேட்பவர்கள் இல்லை. மெர்ல் செயற்கைக்கால் பொருத்திக்கொண்டு நடக்கப் பழகினார். அழுது அரற்றும் மனிதர் அல்லர் அவர். கேலிதான் அவருக்குத் தெரிந்த மொழி. கேலிக்கு அவருக்கு ஒரு பொருள் கிடைத்துவிட்டது.

"லோர்னா, எத்தனை உருளைக்கிழங்கு போடறே? நீ எண்ணாத தாயி, டுவேனைக் கூப்பிடு."

"எங்க கல்யாணத்துக்கு முப்பத்தெட்டு வருஷமாம். இவ கணக்கு. எனக்கென்னமோ நாப்பதுன்னு படுது."

"என் கால் எத்தனைன்னு கேட்டுப் பாருங்க. ரெண்டுன்னு சொல்லுவா."

மேசையைச் சுற்றி எல்லோரும் சிரிப்பார்கள். லோர்னாவும் சிரிப்பார், ரொட்டிக் கூடையை நீட்டிக்கொண்டே. டுவேனும் சிரிப்பார். சிரிக்காமல் இருந்தால் ஏன் என்று யாராவது கேட்பார்கள் என்பது முதல் ஆண்டின் காரணம். பிறகு காரணம் தேவைப்படவில்லை. மெர்ல் வாயைத் திறந்ததும் டுவேனின் உதடு தானாக விரிந்தது.

வசந்தத்தில் எடைமேடைக்கு வரும் டிரெய்லர்களுக்கு அவர் தொடர்ந்து கொக்கி சரிபார்த்தார். ஆனால் 2012 முதல் அவர் ஒட்டிய அட்டைகள் வேறு மாதிரி இருந்தன. வெறும் எண் இல்லை. 'தண்டோடு சேர்ந்திருக்கும் வளையமே முதலாவது. அங்கிருந்து எண்ணவும். தொங்கும் நுனியிலிருந்து எண்ண வேண்டாம்' என்று பெரிய எழுத்தில் எழுதி, கீழே சங்கிலியைப் படமும் வரைந்திருப்பார். மனைவி, பிள்ளை, யார் வண்டியில் ஏறினாலும் அவர்களையே எண்ணிக்காட்டச் சொல்லி, டிரெய்லர் பிரேக்கைக் கையால் அழுத்திக்காட்டச் சொல்லிவிட்டுத்தான் அனுப்புவார். அக்காளுக்கு நேர்ந்ததிலிருந்து மனிதர் எவ்வளவு கவனமாகிவிட்டார் என்று ஊரில் மெச்சினார்கள். தேவாலயத்தில் ஒருவர் அவர் தோளைத் தட்டி, "உங்களாலதான் நாங்க நிம்மதியா ஊருக்குப் போயிட்டு வர்றோம்" என்றார். அன்று அவர் ஆராதனை முடியுமுன்பே எழுந்து வெளியே போய் வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டார்.

2017 பிப்ரவரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். முட்டைக்கோசும் கறியும் அடைத்துச் சுட்ட ரொட்டி மேசைக்கு வந்திருந்தது. மூவர் மட்டும்தான். தொலைபேசி அடித்தது, லோர்னா சமையலறைச் சுவரோரம் நின்று எடுத்தார். பேசியது பள்ளிப் பயிற்சியாளர் என்பது மேசையிலிருந்தே தெரிந்தது. புள்ளி எழுதுபவருக்குக் காய்ச்சல். செவ்வாய்க்கிழமை மாவட்ட ஆட்டம். லோர்னா ஒரே ஒரு நாள் வந்து உட்கார முடியுமா?

"எண்ணத் தெரியாதவளையா கூப்பிடுறீங்க?" லோர்னா சிரித்தார். "மெர்ல்கிட்ட கேட்டுப் பாருங்க, சொல்லுவார். இல்லப்பா, முடியாது. நிஜமாத்தான் சொல்றேன். முக்கியமான ஆட்டம், நான் ஏதாவது தப்பு பண்ணிட்டா பசங்க பாவம்."

"சபாஷ்!" என்றார் மெர்ல், வாய் நிறைய ரொட்டியுடன். "அவ எழுதினா நம்ம பசங்க தொண்ணூறு அடிச்சு எழுபதுன்னு வரும்."

லோர்னா தொலைபேசியை வைத்தார். ஆனால் உடனே திரும்பவில்லை. டுவேன் உட்கார்ந்த இடத்திலிருந்து அவர் முதுகு மட்டும் தெரிந்தது. இதுவரை கணவர் சொல்லிவந்த கேலியை இன்று அவரே தம் வாயால், கேலியாக அல்லாமல், நம்பிச் சொன்னார். டுவேனின் உதடு வழக்கம்போல் விரிந்திருந்தது. அது விரிந்திருப்பதை அவர் உணர்ந்தார்.

"லோர்னா" என்றார். "நீ அஞ்சுதான் எண்ணின."

"என்ன?"

"அன்னைக்கு. நீ சரியாத்தான் எண்ணின. முனையில இருந்து எண்ணச் சொன்னேன் நான். எந்த முனைன்னு சொல்லல. நீ சங்கிலி நுனியில இருந்து எண்ணியிருக்க. அங்க இருந்து அது அஞ்சுதான். நான் எண்ணிப் பார்த்தேன்."

மெர்லின் தாடை அசைவது நின்றது. லோர்னா மெல்ல வந்து, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"மூணாவது நாள். கொட்டகையில."

"அன்னைக்கு சாயந்திரம் உன்கிட்ட கேட்டேன்."

"ஆமா."

"அஞ்சுதானே எண்ணினேன்னு கேட்டேன் டூயி. என் விரலைப் பார்த்துக்கிட்டே கேட்டேன்."

"ஆமா."

"அஞ்சரை வருஷம் இங்க உட்கார்ந்து சிரிச்ச."

டுவேன் கையிலிருந்த முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

மெர்ல் தட்டைத் தள்ளி வைத்தார். ஏதோ கேலி வரப்போகிறது என்று டுவேன் நினைத்தார். வரவில்லை.

"வண்டி மூக்கைத் தூக்கிக்கிட்டு இருந்துச்சு" என்றார் மெர்ல், மேசையைப் பார்த்து. "கிளம்பும்போதே பார்த்தேன். முன்னாடி பானெட் வானத்தைப் பார்த்துக்கிட்டு நின்னுச்சு. எனக்குத் தெரியாதா அது? என்னை உட்கார வச்சு இவ ஓட்டுறாளேன்னு கோவம். கேட்டா சொல்லலாம்னு வாயை மூடிக்கிட்டு வந்தேன். அப்புறம் மாத்திரை. தூங்கிட்டேன்."

அந்த நொடியில் டுவேனுக்குள் ஏதோ இறங்கியது. தோள் லேசானது, மூச்சு நன்றாக வந்தது. இது என்ன என்று அவர் புரிந்துகொள்ள ஒரு கணம் ஆயிற்று. பாரத்தில் ஒரு பகுதி மெர்லின் பக்கம் போய்விட்டது. அதில் அவர் சந்தோஷப்பட்டிருக்கிறார். அக்காள் எதிரில் நிற்கும்போதே. இத்தனை ஆண்டுகளில் அவர் தம்மைப் பற்றி அறிந்தவற்றுள் அதுதான் அவருக்கு மிகவும் அருவருப்பாக இருந்தது.

லோர்னா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். குரல் உயரவில்லை.

"ரெண்டு பேருக்கும் தெரியும். நடுவுல நான் ஒருத்தி எண்ணத் தெரியாதவ."

"லோர்னா, தாயி..." என்றார் மெர்ல்.

"பேசாத. நீ இப்பப் பேசாத."

அவர் மறுபடி தொலைபேசியை எடுத்தார். பயிற்சியாளரின் எண்ணைத் தேடாமலே அழுத்தினார்; இருபத்து மூன்று ஆண்டுப் பழக்கம். "நான் லோர்னா. செவ்வாய்க்கிழமை வர்றேன். எத்தனை மணிக்கு? சரி. புத்தகம் நீங்க கொண்டு வாங்க, பென்சில் என்கிட்ட இருக்கு." வைத்தார்.

டுவேன் எழுந்து தொப்பியை எடுத்தார். கதவருகில் நின்றார். ஒத்திகை பார்க்காத வாக்கியம் அல்ல அது. ஆண்டுக்கணக்கில் எடைமேடை அறையில் தனியாகச் சொல்லிப் பார்த்தது.

"லோர்னா, நான் உன்கிட்ட..."

"கேக்காத" என்றார் லோர்னா. "நீ கேட்டா நான் பரவால்லன்னு சொல்லிருவேன். எனக்கு அப்படியே பழகிப் போச்சு. பரவால்லன்னு இல்ல டூயி. எனக்கு இப்ப அப்படி இல்ல. போ."

அடுத்த ஞாயிறு அவர் தம் வீட்டில் ஒரு டப்பா சூப்பைச் சூடாக்கிச் சாப்பிட்டார். அதற்கடுத்த ஞாயிறும். மன்னிப்புக் கடிதம் எழுத இரண்டுமுறை தாளை எடுத்து, அதுவும் கேட்பதுதானே என்று மடித்து வைத்தார். தேவாலயத்தில் லோர்னா முன்வரிசையில் இருந்தார். மெர்லுக்கும் அவருக்கும் நடுவே ஒரு கைப்பை அளவு இடைவெளி இருந்தது. மாவட்ட ஆட்டத்தில் லோர்னா எப்படி எழுதினார் என்று டுவேன் யாரையும் கேட்கவில்லை. கேட்கும் உரிமை தமக்கு இல்லை என்று கருதினார்.

எட்டாவது ஞாயிறு காலை, தேவாலயத்துக்குச் சட்டை மாற்றிக்கொண்டிருக்கையில் தொலைபேசி அடித்தது.

"சாப்பாடு பன்னண்டரைக்கு" என்றார் லோர்னா. முகமன் எதுவும் இல்லை. "மெர்லும் நானும் இன்னும் பேசி முடிக்கல. சத்தமா இருக்கும். நீயும் வந்து உட்கார்ந்து கேளு."

"வர்றேன்."

"சிரிக்காம உட்காரு."

"சரி" என்றார் டுவேன்.